அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்!

தோற்றுப்போகிற கட்சிக்காக யாராவது ஏழு தடவை அழுவார்களா? ஒரு தடவை அழலாம். போனால் போகிறதென்று இரண்டாந்தடவையும் அழலாம். மூன்றாந்தடவை, "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்!" என்று சொல்லிவிட்டு ஜயிக்கிற கட்சிக்குத் தாவிவிடுவதுதான் மனித சுபாவம், இல்லையா?

ஆனால் அமெரிக்காவில், நியூயார்க் நகரின் ஒரு பகுதியான புரூக்ளினில், இந்தச் சுபாவத்துக்கு விரோதமாக ஓர் அதிசயம் நடந்து வந்தது. அங்கே 'டாட்ஜர்ஸ்' என்று ஒரு பேஸ்பால் கோஷ்டி இருந்தது. டிராம் வண்டிகளுக்கு இடையே புகுந்து தப்பித்து ஓடும் புரூக்ளின்வாசிகளைப் பரிகாசம் செய்து பிறர் வைத்த பெயரிலிருந்து வந்தது அந்தப் பெயர். 'உலகப் போட்டி' எனப்படும் கடைசிப் பந்தயத்தில் அந்தக் கோஷ்டி 1916-ல் தோற்றது, 1920-ல் தோற்றது, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய வருஷங்களிலும் தோற்றது. பிந்திய ஐந்து தடவையும் தோற்கடித்தவர்கள், அதே நகரத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பணக்காரக் கோஷ்டியான யாங்கீஸ்! ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு புரூக்ளின் ரஸிகர்கள் சொன்னது ஒரே வார்த்தைதான்: "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்!"

அந்த 'அடுத்த வருஷம்' வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன், கேளுங்கள்.

* * *

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பால் பெரிய பிரம்ம வித்தை அல்ல. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஆட்டச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு 'பேஸ்'கள். உருண்டை மட்டையால் பந்தை அடித்துவிட்டு, மூன்று மூலைகளையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட மூலைக்கே திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் எதிர்க்கட்சியின் முறை. இப்படி ஒன்பது சுற்று. ஐந்து நாள் டெஸ்ட் மாட்சுக்குப் போகிறவர்களைப் போலப் புளியோதரை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டரை மணி நேரத்தில் விஷயம் தீர்ந்துவிடும்.

ஆனால், ரஸிகனுக்கு மட்டும் விஷயம் தீருவதே இல்லை. அந்த நாளில் ஏப்ரல் மத்தியிலிருந்து செப்டம்பர் கடைசி வரையில் ஒரு கோஷ்டிக்கு 154 ஆட்டங்கள்! ஏழு எதிர்க்கட்சிகள், ஒவ்வொன்றோடும் இருபத்திரண்டு தடவை மோதியாக வேண்டும். அநேகமாகத் தினம் ஓர் ஆட்டம். காலையில் காப்பியோடு பத்திரிகையைப் பிரித்தால், "நம்மவர்கள் எத்தனை ஆட்டம் முன்னால், எத்தனை ஆட்டம் பின்னால்?" என்ற கணக்கு. மத்தியானம் ரேடியோ. இரவு சாப்பாட்டில் தர்க்கம். இது பந்தயம் பார்ப்பதல்ல, குடித்தனம் நடத்துவது!

இதில் இன்னொரு வேடிக்கை. டாட்ஜர்ஸ் கோஷ்டி அமோகமாக ஆடிய 1955-ஆம் வருஷத்தில்கூட 98 ஆட்டங்களில் ஜயித்து, 55 ஆட்டங்களில் தோற்றது. அதாவது, மிக நல்ல வருஷத்திலேயே ரஸிகன் ஐம்பத்தைந்து தடவை தோல்வியை ஜீரணித்தாக வேண்டும். மறுநாளே மறு ஆட்டம் இருக்கிறது என்பதுதான் அதற்கு மருந்து.

* * *

இந்தக் குடித்தனம் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சிறுமியின் கதை போதும். புரூக்ளினுக்குக் கிழக்கே ராக்வில் சென்டர் என்ற ஊரில் டாரிஸ் என்று ஒரு பெண் இருந்தாள். தகப்பனார் வங்கிக் கணக்குகளைப் பரிசோதிக்கும் உத்தியோகஸ்தர், புரூக்ளினில் வளர்ந்தவர். பெண்ணுக்கு ஆறு வயதானபோது, ஆட்டத்தைக் கணக்கெழுதும் வித்தையை அவளுக்குக் கற்றுக் கொடுத்தார்.

அது ஓர் அழகான வித்தை. ஒன்பது ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரையில் எண்கள் உண்டு. பந்து எறிபவர் 1, அவருக்கு எதிரே பந்தைப் பிடிப்பவர் 2, முதல் பேஸ் காப்பவர் 3, இப்படி. ஆறாம் நம்பர் ஆட்டக்காரர் பந்தைப் பொறுக்கி மூன்றாம் நம்பரிடம் எறிந்து ஒருவரை அவுட்டாக்கினால், '6-3' என்று எழுதினால் போதும். ஒரு பென்ஸிலும் கட்டம் போட்ட ஒரு நோட்டும் இருந்தால், முழு ஆட்டத்தையும் ஒரே பக்கத்தில் பிடித்து வைத்துவிடலாம்.

மத்தியானம் முழுதும் டாரிஸ் ரேடியோவைக் கேட்டு எழுதிக்கொள்வாள். மாலையில் அப்பா வீடு திரும்பியதும், நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பந்தாக விவரிப்பாள். தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஆட்டத்தின் கதையே தெரியாமல் போய்விடும் என்று அந்தக் குழந்தை நம்பியிருந்தாள். எல்லாம் மறுநாள் பத்திரிகையில் வரும் என்பதை அப்பா மறந்தும் வாயைத் திறந்து சொல்லவில்லை! அந்தப் பெண்தான் பிற்காலத்தில் புலிட்ஸர் பரிசு பெற்ற சரித்திர ஆசிரியை டாரிஸ் கியர்ன்ஸ் குட்வின். சரித்திரத்தைக் கதையாகச் சொல்ல அந்த நோட்டுப் புத்தகத்தில்தான் கற்றுக்கொண்டதாக அவரே தம் நினைவு நூலில் சொல்கிறார்.

* * *

இனி, அந்த மைதானத்துக்கு ஒரு நடை போய்வரலாம், வாருங்கள். 1913-ல் திறக்கப்பட்ட 'எபெட்ஸ் பீல்ட்'. சுமார் 32,000 பேர் உட்காரலாம். ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வதே காதில் விழும்; அவ்வளவு நெருக்கம். ஹில்டா செஸ்டர் என்ற அம்மாள் ஒரு மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே கத்துவார். அங்கே ரஸிகர்களே சேர்ந்து நடத்திய ஒரு பாண்டு கோஷ்டியும் உண்டு. எதிர்க்கட்சிக்காரர் அவுட்டாகித் தலைகுனிந்து திரும்பும்போது நடைக்கு ஏற்றபடி வாசிப்பார்கள். அவர் பெஞ்சியில் உட்காரும் சமயம் பார்த்து, 'டம்' என்று ஒரே அடி!

சொந்தக் கோஷ்டியையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. 'நம்ம உதவாக்கரைகள்' என்றுதான் செல்லமாக அழைத்தார்கள். திட்டும் உரிமை தங்களுக்கு மட்டும். அயலூர்க்காரன் திட்டினால் அடிதடி!

அந்த மைதானத்தில்தான் 1947-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் காலடி வைத்தார். அதுவரையில் பெரிய கோஷ்டிகள் அறுபது வருஷங்களாகக் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தன. வெளியூர்களில் அவர் மீது வசைமாரி பொழிந்தது. ராபின்ஸன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மட்டையாலும் கால் வேகத்தாலும் பதில் சொன்னார். புரூக்ளின் ரஸிகனின் பக்தியில் அன்று முதல் பெருமையும் ஒரு பங்கு சேர்ந்துகொண்டது.

ஆனாலும் கடைசிப் படியில் கால் வழுக்குவது நிற்கவில்லை. 1951-ல் நடந்ததைக் கேளுங்கள். ஆகஸ்டு மாதம் டாட்ஜர்ஸ் பதின்மூன்று ஆட்டங்கள் முன்னால் இருந்தார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் துரத்தித் துரத்திச் சமமாக வந்துவிட்டார்கள். சமநிலையைத் தீர்க்க நடந்த கடைசி ஆட்டத்தில், கடைசிச் சுற்றில், டாட்ஜர்ஸ் 4-2 என்று முன்னணியில் இருக்கும்போது, பாபி தாம்ஸன் என்பவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். மூன்று ரன்கள், ஆட்டம் போச்சு! உலகப் போட்டிக்குப் போகாமலே தோற்ற வருஷம் அது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

* * *

1955 பிறந்தது. முதல் பத்து ஆட்டங்களிலும் ஜயம்! முதல் இருபத்துநான்கில் இருபத்திரண்டு! ஜூலை 22-ந் தேதி இரவு, கோஷ்டித் தலைவர் பீ வீ ரீஸின் பிறந்த நாள் விழா. மைதானத்தின் விளக்குகளை அணைத்தார்கள். ஆயிரக்கணக்கான ரஸிகர்கள் ஆளுக்கொரு தீக்குச்சி கிழித்துப் பிடித்து வாழ்த்துப் பாடினார்கள். ரீஸ், யாங்கீஸிடம் தோற்ற ஐந்து போட்டிகளிலும் ஆடியவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 8-ந் தேதியே முதலிடம் நிச்சயமாகிவிட்டது. உலகப் போட்டியில் எதிரே மீண்டும் யாங்கீஸ்! முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. "ஆரம்பித்துவிட்டார்களடா!" என்று புரூக்ளின் பெருமூச்சு விட்டது. சொந்த மைதானத்தில் அடுத்த மூன்றும் வெற்றி. ஆறாவதில் தோல்வி. மூன்றுக்கு மூன்று.

அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை. ஏழாவது ஆட்டம், யாங்கீஸ் மைதானத்தில். பந்து எறிந்தவர் ஜானி போட்ரஸ்; நான்கு நாள் முன்புதான் இருபத்துமூன்று வயது நிரம்பியவர். கில் ஹாட்ஜஸின் தயவால் டாட்ஜர்ஸுக்கு இரண்டு ரன்கள். ஆறாவது சுற்றில் இரண்டு யாங்கீஸ்காரர்கள் பேஸ்களில் நிற்க, யோகி பெர்ரா அடித்த பந்து இடப்பக்க மூலையை நோக்கிப் பறந்தது. அங்கே ஆள் இல்லை! அந்தச் சுற்றில்தான் இடப்பக்கத்துக்கு வந்திருந்த கியூபாக்காரர் ஸாண்டி அமோராஸ், தலைதெறிக்க ஓடி, வலக்கையை நீட்டினார். அவர் இடக்கைக்காரர்; ஆகவே பந்து பிடிக்கும் உறை வலக்கையில் இருந்தது. பந்து அதற்குள் விழுந்தது! அவர் ரீஸுக்கு எறிய, ரீஸ் ஹாட்ஜஸுக்கு எறிய, பேஸை விட்டு ஓடியிருந்தவரும் அவுட். நோட்டுப் புத்தகத்தில் 7-6-3.

ஒன்பதாவது சுற்று. கடைசிப் பந்து தரையோடு உருண்டு ரீஸிடம் வந்தது. பதினான்கு வருஷமாகக் காத்திருந்தவர் அல்லவா? எடுத்தார், ஹாட்ஜஸிடம் எறிந்தார். ரேடியோவுக்கு முன்னால் எத்தனையோ பென்ஸில்கள் '6-3' என்று எழுதின. எத்தனை எழுத்துக்கள் கண்ணீரில் கலைந்தனவோ! தெருவெல்லாம் மோட்டார் ஹார்ன், தெருவெல்லாம் நடனம். "யாரடா உதவாக்கரை!" என்று மறுநாள் தலைப்புப் போட்டது ஒரு நியூயார்க் தினசரி.

* * *

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இரண்டே வருஷத்தில் கோஷ்டியின் முதலாளி வால்டர் ஓமாலி, புது மைதானத்துக்குத் தாம் கேட்ட இடம் கிடைக்காமல், கோஷ்டியையே மூட்டை கட்டினார். 1957 செப்டம்பர் 24-ந் தேதி எபெட்ஸ் பீல்டில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 6,702 பேர். மறு வருஷம் டாட்ஜர்ஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், லாஸ் ஏஞ்சலீஸில் ஆடினார்கள். 1960-ல் மைதானத்தை இடித்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போலவே வர்ணம் பூசியிருந்தார்கள்! இப்போது அங்கே நிற்பவை உயரமான குடியிருப்புக் கட்டடங்கள்.

கோஷ்டி முதலாளியின் சொத்து. மைதானமும் ரஸிகனுடையதல்ல. அப்படியானால் ரஸிகனுக்கு என்னதான் சொந்தம்? டாரிஸைக் கேட்போம். பெரியவளாகி பாஸ்டன் பக்கம் குடிபோனவர், அங்கே ரெட் ஸாக்ஸ் கோஷ்டியின் ரஸிகையானார். அது எப்பேர்ப்பட்ட கோஷ்டி தெரியுமா? 1918-ல் ஜயித்த பிறகு, மறுபடி ஜயிக்க 2004 வரையில் எண்பத்தாறு வருஷம் காக்க வைத்த கோஷ்டி! அப்பாவிடம் கற்ற கணக்கெழுதும் வித்தையைத் தம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார்.

மாலையில் வீடு திரும்பும் அப்பாவுக்கு, நோட்டைப் பிரித்துக் கதை சொன்ன அந்த நேரம் இருக்கிறதே, அதை எந்த முதலாளியாலும் ரயிலேற்றிக் கொண்டுபோக முடியவில்லை, பார்த்தீர்களா?