முப்பது கிலோமீட்டர் நீள ஈசிஜி

இதய வால்வு மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்களில் சிலரின் இடது மார்பில், சட்டைக்குள்ளே, ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருக்கும். ஒயர் கிடையாது, இடுப்பில் பெட்டி கிடையாது, எடை சில பத்து கிராம்தான். 14 நாள் அது அங்கேயே இருந்து ஒவ்வொரு துடிப்பையும் பதிவுசெய்யும். பிறகு அதைக் கழற்றி அனுப்பிவிடுகிறார்கள், சில நாளில் ரிப்போர்ட் வருகிறது. நடுவில் என்ன நடக்கிறது? பதிவைப் படித்துப் பார்க்கும் அறையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்!

முதலில் ஒரு கணக்கு. இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. 14 நாளுக்கு 14 லட்சம். ஈசிஜி காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும் என்பதால், இந்தப் பதிவு முழுவதையும் அச்சடித்தால் நீளம் 30 கிலோமீட்டர்! சென்னை கடற்கரை ஸ்டேஷனில் விரிக்கத் தொடங்கினால் தாம்பரத்தைத் தாண்டிவிடும். இத்தனையும் ஒரே மனிதரின் இரண்டு வார இதயம்.

வால்வைத்தான் மாற்றியாகிவிட்டதே, துடிப்பின் தாளத்தை ஏன் கண்காணிக்க வேண்டும்? இதற்கான பதில் இதயத்துக்குள் ஒரு பரபரப்பான சந்தில் இருக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதையை மருத்துவர் வில்ஹெல்ம் ஹிஸ் 1893இல் விவரித்தார். அது கிளம்பும் கணுவை, ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வுசெய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906இல் காட்டிக்கொடுத்தார். அந்த நுண்ணிய பாதை கீழறைக்குள் நுழையும் இடம் எது தெரியுமா? அயோர்ட்டிக் வால்வின் இரண்டு இதழ்கள் சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே! நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் சவ்வு. என்னைக் கேட்டால் மனித உடலிலேயே மிக நெருக்கடியான சந்து இதுதான்.

மார்பைத் திறந்து வால்வைத் தைத்தாலும் சரி, 2002இல் பிரான்சின் ருவான் நகரில் இதய மருத்துவர் அலன் கிரிபியே முதன்முதலில் செய்துகாட்டியபடி ரத்தக்குழாய் வழியே கொண்டுபோய் விரித்தாலும் சரி, அந்தச் சந்தின் மேல் அழுத்தம் விழலாம். விரியும் வால்வின் உலோகச் சட்டகம் பக்கத்துத் திசுவை நெருக்கும், வீக்கம் வரும், மின்பாதை தடுமாறும். பலருக்கு அது தானாகவே சரியாகிறது. சிலருக்கோ, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது பாதை திடீரென்று அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் பேஸ்மேக்கர்தான் வழி. அதனால்தான், குழாய் வழி வால்வு வைத்தபின் ஈசிஜியில் புதிய மாற்றம் தெரிந்தவர்களை வீட்டிலும் குறைந்தது 14 நாள் கண்காணிக்கலாம் என்று அமெரிக்க இதயவியல் கல்லூரியின் நிபுணர் குழு 2020இல் பரிந்துரைத்தது.

திறந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு: மேலறைத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும், சிலருக்கு வீட்டில் எட்டிப் பார்க்கும். ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து இதில் உண்டு.

இப்போது அந்தப் பதிவு படிக்கும் அறைக்குள் நுழைவோம். பட்டையிலிருந்து இறக்கிய பதிவைக் கணினி முதலில் துடிப்பு துடிப்பாகப் பிரிக்கிறது. ஒரே வடிவத் துடிப்புகள் ஒரு குவியல், வடிவம் மாறியவை இன்னொன்று, 3 நொடிக்கு மேல் துடிப்பே இல்லாத இடைவெளிகள் தனியே. பிறகு பயிற்சிபெற்ற டெக்னீஷியன் உட்கார்ந்து சந்தேகமானவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த காட்சி! காலையில் ஒருவருக்குக் கீழறை வெறிபிடித்தாற்போல் ஓடுகிறது, பார்த்தாலே பதறவைக்கும் அலைகள். டெக்னீஷியனோ பதறுவதில்லை. அலைகளின் ஊடே உற்றுப் பார்க்கிறார்: சாதாரணத் துடிப்புகள் சீராக நடைபோடுவது தெரிகிறது. விஷயம் என்னவென்றால், பட்டை போட்டிருந்தவர் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார்! கையும் மார்புத் தசையும் தாளத்தோடு ஆடினால் ஈசிஜியில் அபாயகரமான துடிப்பு போலவே விழும். மருத்துவ இதழ்களில் கட்டுரை எழுதும் அளவுக்குப் புகழ்பெற்ற ஏமாற்று இது. அதை அடையாளம் காணும் கண்ணுக்கு ஒரு கைத்தட்டல் தரலாம்.

இந்தப் பட்டையின் முன்னோர்களைப் பார்த்தால் தலை சுற்றும். 1905இல் நெதர்லாந்தின் லைடனில் வில்லெம் ஐந்தோவன், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் துடிப்பை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்தார். ஈசிஜி கருவி அவ்வளவு பெரிது, அதை நோயாளியிடம் தூக்கிப்போக முடியாது! நோயாளிகள் உப்பு நீர் நிரம்பிய பாத்திரங்களில் கைகால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், சுமார் 38 கிலோ கருவியை முதுகில் கட்டிக்கொண்டு நடமாடும் இதயத்தைப் பதிவுசெய்தார். ‘ஹோல்டர் போட்டுக்கிட்டு வாங்க’ என்று இன்று நம்ம ஊர் கிளினிக்கில் சொல்கிறார்களே, அந்த ஹோல்டர் இவர்தான்.

கைக்கடிகாரத்தில் ஈசிஜி வந்துவிட்டதே, அது போதாதா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பிடிப்பதில் அது உண்மையிலேயே நல்ல துணை. ஆனால் விரல் வைத்தால்தான் அதில் ஈசிஜி ஓடும், ஓடுவதும் 30 நொடி. விடிகாலை 3 மணிக்குத் தூக்கத்தில் இதயம் 4 நொடி நின்று தொடர்ந்தால் யார் விரல் வைப்பது? பட்டை விழித்திருக்கும். வால்வு மாற்றியவருக்கு டாக்டர் பட்டை போடச் சொன்னால் கடிகாரம் அதற்கு மாற்று ஆகாது.

பட்டையின் நடுவில் இருக்கும் பொத்தான்தான் இந்தக் கண்காணிப்பில் உங்கள் பங்கு. படபடப்பு, தலைச்சுற்றல், கண் இருட்டுதல் எது வந்தாலும் அழுத்துங்கள், அழுத்தியபின் நேரத்தையும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். 30 கிலோமீட்டரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று நீங்கள் கொடி நாட்டுவது போல அது. படபடத்த நேரத்தில் தாளம் சீராக இருந்தது என்று தெரிவதும் டாக்டருக்குப் பெரிய செய்திதான். அரிப்பு எடுத்தாலோ, வியர்வையில் ஓரம் கழன்றாலோ நீங்களாகப் பிய்த்துவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தப் பட்டைகளில் பெரும்பாலானவை பதிவு மட்டுமே செய்யும், அந்த நிமிடமே யாரையும் கூப்பிடாது. உடனுக்குடன் தகவல் அனுப்பும் கருவிகள் வேறு. உங்களுடையது எந்த வகை என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வகையானாலும், மயங்கி விழுந்தால், மார்பு வலித்தால், மூச்சு முட்டினால், வாய் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.