அன்னமும் ஆரோக்கியமும் – 9: பச்சைக்குள் ஒளிந்த மஞ்சள்

சென்ற வாரம் பூண்டைப் பற்றி எழுதியபோது, பல்லை நசுக்கிய பிறகே அதன் காரமான சத்துப் பிறக்கிறது என்றும், நசுக்காத பூண்டில் அது இல்லவே இல்லை என்றும் பார்த்தோம். இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பதார்த்தமோ அதற்கு நேர் எதிரான சுபாவம் உடையது. இலை துளிர்க்கும்போதே அதுவும் உடன் தோன்றிவிடுகிறது. ஆயினும் பச்சை நிறத்தின் ஆதிக்கத்தில் அது இருப்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. வாயில் போட்டு மென்றாலும் அவ்வளவு சுலபமாகச் சரீரத்தில் சேர்ந்துவிடுவதுமில்லை. கரோட்டீன் என்று ரசாயன சாஸ்திரிகள் அழைக்கும் இந்த மஞ்சள் பொருளின் சரித்திரத்தில், தாவரச் சத்துக்களைப் பற்றி இன்று எழுப்பப்படும் ஆரவாரத்துக்கு ஆதரவான சான்றும் உண்டு, அதை அடக்குகிற சான்றும் உண்டு. ஓரிடத்தில் கண்ணைக் காக்கும் பொருள் வேறோரிடத்தில் உயிருக்கே ஊறு விளைத்தது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முருங்கை இலையும் முளைக்கீரையும் பச்சையாகத் தோன்றுவது அவற்றில் பச்சையம் மிகுந்திருப்பதால்தான். மிகயீல் ஸ்வெட் என்ற ருஷ்யத் தாவர நூலறிஞர், வார்ஸா நகரில் பணியாற்றிய காலத்தில், இலையைக் கசக்கி எடுத்த சாற்றைச் சுண்ணக்கட்டித் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே மெல்ல இறக்கிப் பார்த்தார். ஒரே பச்சையாக மேலே ஊற்றிய சாறு, இறங்க இறங்கப் பச்சையும் மஞ்சளுமான பல பட்டைகளாகப் பிரிந்து நிற்பதையும், எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கரோட்டீன் கீழே வந்துவிடுவதையும் கண்டு 1906-ல் அவர் வெளியிட்டார். இலைக்குள் இதற்கு என்ன வேலை என்று கேட்டால், அளவுக்கு மீறிய வெயில் விழும்போது பச்சையத்தினிடமிருந்து கிளம்பும் உக்கிரமான பிராணவாயு இலையையே பாழாக்கிவிடாதபடி, அந்த உக்கிரத்தைத் தன்மேல் ஏற்றுத் தணிப்பது அதன் முக்கியமான தொழில் என்று சொல்லவேண்டும். ஆகவே இது நமக்காக உண்டானதன்று. செடி தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாட்டில் நாமும் பங்கு பெறுகிறோம், அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர். 1831-ல் அவர் அதை எடுத்தது கீரையிலிருந்தன்று, கேரட் கிழங்கிலிருந்து. கரோட்டீன் என்ற பெயரும் அப்படி ஏற்பட்டதே. கரியணு நாற்பதும் ஜலவாயு அணு ஐம்பத்தாறும் சேர்ந்தது அதன் மூலக்கூறு என்பது 1907-ல் தெளிவாயிற்று. அந்த அணுக்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜூரிச் நகரத்துப் பால் காரர் வகுத்துக் காட்டி, 1937-ல் நோபல் பரிசும் பெற்றார். இருபக்கமும் ஒன்றுபோல் அமைந்த நீண்ட சங்கிலி அது; நடுவில் துண்டித்தால் சமமான இரண்டு பாதிகள் கிடைக்கும். இந்த லக்ஷணத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே வரப்போகும் கதைக்கு இதுவே ஆதாரம்.

இதற்கிடையில் போஷணை சாஸ்திரத்தில் ஒரு புதிர் முளைத்திருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாரி ஸ்டீன்பாக், மஞ்சள் மக்காச்சோளம் தின்ற எலிகள் நன்கு வளர்வதையும், வெள்ளைச் சோளம் தின்றவை நலிவதையும் 1919-ஐ ஒட்டிக் கண்டு, வைட்டமின் ஏ என்பதும் இந்த மஞ்சள் நிறமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்தார். ஆனால் அந்த வைட்டமினுக்குப் பேர்போன மீனெண்ணெயில் இந்த மஞ்சளைக் காணோமே! கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் என்பவர் 1930-ல் இதற்கு விடை கண்டார். வைட்டமின் ஏ அறவே இல்லாத உணவில் வளர்த்த எலிகளுக்குக் கரோட்டீனை ஊட்டிப் பின் அவற்றின் ஈரலைச் சோதித்தபோது, அங்கே மஞ்சள் பொருளுக்குப் பதிலாக வைட்டமின் ஏ சேர்ந்திருந்தது. சரீரம் தானே கரோட்டீனை வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது என்பது அன்று நிரூபணமாயிற்று. குடலின் உட்சவ்வில் இருக்கும் ஓர் என்ஸைம் சங்கிலியை நடுவில் துண்டிக்கிறது என்பது பிற்கால ஆராய்ச்சி.

இவ்வாறு உண்டாகும் வைட்டமின் கண்ணின் உட்புறத் திரையை அடைந்து, அங்குள்ள ஒரு புரதத்துடன் இணைந்து, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் நிறப்பொருளாகிறது. அது குறையும்போது முதலில் தோன்றும் அடையாளம் மாலைக்கண். பகலெல்லாம் முற்றத்தில் ஓடியாடிய குழந்தை பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். எதிரே வைத்த சோற்றுத் தட்டைக் கையால் துழாவும். விளக்கை ஏற்றி வைத்த பிறகே ஒருவாறு நிதானப்படும். இன்னும் கூர்ந்து நோக்கினால், வெள்விழியின் வெளிப்புறத்தில், கருவிழியை ஒட்டி, சோப்பு நுரை காய்ந்து ஒட்டினாற்போல் சாம்பல் நிறப் படலம் ஒன்று தெரியும். பீட்டோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1863-ல் வர்ணித்ததால் அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அந்த நிலையிலும் கவனிக்காமல் விட்டால் கருவிழியே குழைந்து, பார்வை திரும்பாமற் போய்விடும்.

கண்ணோடு இந்த விஷயம் நின்றுவிடவில்லை என்பதை நிலைநாட்டிய முக்கியமான பரிசோதனைகளுள் ஒன்று நம் திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய சகாக்களும், ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்து, ஓராண்டுக் காலம் கவனித்து வந்தார்கள். அந்த அளவு ஏதோ பெரிய மருந்தளவன்று. நல்ல உணவு உண்ணும் குழந்தைக்கு இயல்பாகவே கிடைக்கக்கூடிய அளவுதான். 1990-ல் வெளிவந்த முடிவின்படி, வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கு முதலிய நோய்களைத் தாங்கும் சக்தியும் இந்தச் சத்தைப் பொறுத்தே இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான பிரமாணம் வேண்டியதில்லை. வைட்டமினாகவே கொடுத்துச் செய்த பரிசோதனை இது என்றாலும், பாலும் முட்டையும் அரிதாக இருக்கும் வீடுகளில் அந்த வைட்டமின் வந்து சேரவேண்டிய பிரதான வழி கரோட்டீன்தான் என்பதை மறக்கலாகாது.

அப்படியானால், வேலியோரத்து முருங்கையிலும் கொல்லைக் கீரைப் பாத்தியிலும் கரோட்டீன் கொட்டிக் கிடக்க, அதே ஊர்க் குழந்தைகளுக்கு மாலைக்கண் வருவானேன்? கீரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1995-ல் வெளிவந்த ஜாவா தீவு ஆராய்ச்சி ஒன்று வெளிப்படுத்தியது. பாலூட்டும் தாய்மார்களில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் கரும்பச்சைக் கீரையும், வேறொரு பிரிவினருக்கு அதே அளவு கரோட்டீன் கலந்த பிஸ்கோத்தும் கொடுத்துப் பார்த்தபோது, பிஸ்கோத்துத் தின்றவர்களின் ரத்தத்தில் சத்து ஏறியது; கீரை தின்றவர்களிடம் ஏற்றம் காணப்படவில்லை. கீரையின் கரோட்டீன் உயிரணுச் சுவருக்கும் பச்சையக் கருவிகளுக்கும் உள்ளே புரதங்களோடு இறுகப் பிணைந்து கிடப்பதால், அதில் பெரும்பகுதி ஜீரணத்துக்கு அகப்படாமலே வெளியேறிவிடுகிறது. ஒரு பங்கு வைட்டமினுக்கு ஆறு பங்கு கரோட்டீன் போதும் என்று முன்பு கணக்கிட்டிருந்தவர்கள், 2001-ல் அமெரிக்க நிபுணர் குழுவின் கணக்கில் அதைப் பன்னிரண்டு பங்காக உயர்த்த நேர்ந்தது.

இங்கேதான் சமையலறை நம் உதவிக்கு வருகிறது. கீரையை ஆய்ந்து, மண்சட்டியில் வேகவைத்து, மத்தால் மசியக் கடைந்து, கடைசியில் எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டும் நம் வீட்டு முறையை எண்ணிப் பாருங்கள். வேகும்போது உயிரணுச் சுவர் தளர்கிறது, கடையும்போது உடைகிறது, தாளித்த எண்ணெய், நீரில் கரையாத கரோட்டீனைத் தன்னுள் வாங்கிக் குடலின் வழியே உள்ளே அழைத்துச் செல்கிறது. இதை நம்ப ஆராய்ச்சிசாலைக்குப் போகவேண்டியதில்லை; பரங்கிக்காயையோ கேரட்டையோ எண்ணெயில் வதக்கும்போது வாணலியின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் எண்ணெய் எப்படிச் செம்மஞ்சளாக மாறுகிறது என்பதைக் கவனித்தால் போதும்; காயிலிருந்து கரோட்டீன் எண்ணெய்க்குக் குடிபெயர்வதைக் கண்ணாலேயே கண்டதாகும். அமெரிக்காவில் ஐயோவா ராஜ்ய சர்வகலாசாலையினர் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பச்சைக் காய்கறிக் கலவையைக் கொழுப்பே சேராத குழம்புடன் தின்றவர்களின் ரத்தத்தில் கரோட்டீன் ஏறக்குறைய சேரவே இல்லை என்றும், எண்ணெய் சேர்ந்தபோது நன்கு சேர்ந்தது என்றும் கண்டார்கள். உடம்பு இளைக்கவேண்டுமென்று எண்ணெயை அடியோடு விலக்கிவிட்டுக் கேரட்டைத் துருவித் தின்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். ஆனால் சத்து வேண்டுமென்று எண்ணெயை ஊற்றவேண்டியதுமில்லை. தாளிக்கிற ஓரிரு சிறு கரண்டியே தாராளம். கீரையை வெயிலில் உலர்த்திச் சேமிப்பவர்கள் நிழலில் உலர்த்துவது நலம். வெளிச்சமும் காற்றும் கரோட்டீனைச் சிதைத்துவிடும்.

இனிக் கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். காயும் கனியும் கீரையும் மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பது பல தேசங்களின் புள்ளிவிவரங்களில் தென்பட்டது. அந்த நன்மைக்குக் கரோட்டீன்தான் காரணமோ என்ற வினாவை 1981-ல் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் எழுப்பினார்கள். வினாவை விடையாகவே எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் பரிசோதித்துத்தான் ஏற்போம் என்று புறப்பட்டவர்களும் இருந்தார்கள். பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில், புகைபிடிக்கும் பழக்கமுள்ள 50 முதல் 69 வயதுவரையிலான 29,133 ஆடவர்கள் இதற்கு உடன்பட்டார்கள். அவர்களில் ஒரு சாரார் நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீனை மாத்திரையாக விழுங்கி வந்தார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழிந்து 1994-ல் கணக்குப் பார்த்தபோது, மாத்திரை விழுங்கியவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் அதிகரித்திருந்தது. அமெரிக்காவில், புகைபிடிப்பவர்களும் கல்நார்த் தூசியில் உழைத்தவர்களுமாகிய 18,314 பேரிடம், கரோட்டீனோடு வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்து நடந்த மற்றொரு பரிசோதனையில் தீங்கு 28 சதவீதமாகத் தெரிந்ததால், 1996 ஜனவரியில் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் புகைபிடிக்காதவர்களான 22,071 அமெரிக்க வைத்தியர்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் சோதித்ததிலோ நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

இந்த முடிவுகளுக்குள்ளேயே ஓர் அம்சம் இருக்கிறது. அதை நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அதே பின்லாந்து ஆடவர்களில், கரோட்டீன் மாத்திரை பெறாத பகுதியினரை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, பரிசோதனை தொடங்கும் முன்பே, தாங்கள் உண்ட உணவின் பயனாக ரத்தத்தில் கரோட்டீன் மிகுந்திருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. தட்டிலிருந்து வந்த கரோட்டீன் நன்மையின் அடையாளமாக நிற்க, புட்டியிலிருந்து வந்த கரோட்டீன் தீங்கின் காரணமாயிற்று! இதற்கு அறிஞர்கள் சொல்லும் சமாதானம் இரண்டு. காய்கறி மிகுதியாக உண்பவர்களுக்கு அவற்றிலுள்ள நார், பிற நிறச்சத்துக்கள், பொட்டாஸியம் முதலிய யாவும் கூடவே சேர்கின்றன. கரோட்டீன் அந்தக் கூட்டத்துக்கு ஒரு சாட்சியே தவிர, தனியொரு கர்த்தா அன்று. இரண்டாவது, உணவில் கிடைப்பதற்குப் பன்மடங்கு மேற்பட்ட கரோட்டீன் புகை நிறைந்த நுரையீரலில் தங்கும்போது, இலைக்குள் உக்கிரத்தைத் தணித்த அதே பொருள் இங்கே தானே சிதைந்து ஊறு செய்யும் பொருளாக மாறுகிறது என்று கருதுகிறார்கள்.

உணவின் வழியாக வரும்போது இந்த அபாயம் நேராமல் காக்கும் ஏற்பாடுகள் நம் சரீரத்திலேயே உள்ளன. வைட்டமின் ஏ போதிய அளவு சேர்ந்துவிட்டால், சங்கிலியைத் துண்டிக்கும் என்ஸைம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகையால் எவ்வளவு கீரை உண்டாலும் வைட்டமின் விஷமாவதில்லை. பப்பாளியும் கேரட்டும் அளவு மீறித் தின்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளிக்கும். மஞ்சட்காமாலையோ என்று அஞ்சுபவர்கள் வெள்விழியைப் பார்த்தால் போதும், காமாலையில் மஞ்சளாகும் அது இங்கே வெண்மையாகவே இருக்கும். உணவைச் சற்றுக் குறைத்தால் சில வாரங்களில் நிறம் தானே மறையும். வைட்டமினாகவே மாத்திரையிலும் மீன் ஈரல் எண்ணெயிலும் அளவு மீறிக் கொள்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கோ சிசுவையே பாதிக்கும்.

ஆகவே அனுஷ்டானத்துக்கு வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். முருங்கை, அகத்தி, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி இவற்றுள் ஏதேனும் ஒன்று வாரத்தில் மூன்று நான்கு நாளாவது மசித்துத் தாளித்ததாக இலையில் விழட்டும். குழந்தைகளுக்குப் பருப்போடும் சிறிது நெய்யோடும் பிசைந்து ஊட்டுங்கள். மாம்பழக் காலத்தில் மாம்பழமும், மற்றக் காலங்களில் பப்பாளியும், பரங்கியும் சேரட்டும். பழத்திலிருப்பது கீரையிலிருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தட்டிக் கழிக்காதீர்கள்; குறை உள்ள இடத்தில் மருந்தும் அன்னமே. குறை இல்லாத இடத்தில், அதிலும் புகைபிடிப்பவர்கள், கரோட்டீன் மாத்திரையைக் கையால் தொடவேண்டாம்.

ஒரு சத்தைப் பிரித்தெடுத்து அதன் குணத்தை அறிந்துகொள்வது சாஸ்திரத்தின் வேலை. பிரித்ததையே உண்ணவேண்டும் என்ற விதி அதிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. இந்தப் பாடம் கரோட்டீனுக்கு மட்டும் உரியதா, மற்ற நிறச்சத்துக்களுக்கும் பொருந்துமா என்பதை, அடுத்த வாரம் கத்தரிக்காய்த் தோலின் ஊதா நிறத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

(தொடரும்)