வலைக்கண்ணும் வறுமைக்கணக்கும்

புதுச்சேரியில் ஏழைகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கிறது நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீடு. நாடு முழுவதற்கும் 14.96 விழுக்காடு, புதுச்சேரிக்கு 0.85. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் குறியீட்டின் 12 கூறுகளில் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக்கணக்கு எல்லாம் உண்டு. வேலையும் வருமானமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வரும்படி நின்றாலும், அந்த வீட்டுக் கழிப்பறை அப்படியேதான் இருக்கும். குறியீடு அசையாது.

பணத்தை வைத்து வறுமையை அளந்த காலமும் இருந்தது. 1979இல் கலோரித் தேவைக்கான செலவு, 1993இல் லக்டாவாலா குழு, 2009இல் டெண்டுல்கர் குழு என்று வறுமைக்கோடு இடம்மாறியது. 2011-12இல் அந்தக் கோடு புதுச்சேரி கிராமப்புறத்துக்கு மாதம் தலைக்கு 1,301 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 880. மாதம் 1,000 ரூபாய் செலவழித்தவர் புதுச்சேரி கிராமத்தில் ஏழை. அவரே புதுச்சேரியின் நோணாங்குப்பம் கிராமம் வழியாகச் செல்லும் சாலையில் கடலூர் மாவட்டக் கிராமம் ஒன்றுக்குக் குடிபோனால் ஏழை இல்லை.

தொழிலாளர் பங்கேற்பு விகிதம் இதைவிடச் சுவையானது. வேலை செய்வோரையும் வேலை தேடுவோரையும் சேர்த்து, மக்கள்தொகையில் அவர்கள் எத்தனை விழுக்காடு என்று சொல்வது அது. 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இதற்காக மூன்று வலை வீசுகிறது. முதல் வலைக்குக் கண் பெரிது: ஆண்டில் பெரும்பகுதி உழைப்புச் சந்தையில் இருந்தவரே சிக்குவார். அதில் நழுவியவர் 30 நாளாவது வேலை செய்திருந்தால் இரண்டாவதில் விழுவார். மூன்றாவதன் கண் மிகப் பொடிது: கடந்த 7 நாளில் ஒரு மணி நேர வேலை போதும். ஆனால் அது நீரில் கிடப்பது அந்த ஒரு வாரம்தான்.

கூலியில்லாமல் குடும்பத்தின் விற்பனைக்காக மீன் தரம்பிரிக்கும் பெண் வலையில் விழுகிறார். அதே மீனை வீட்டுச் சமையலுக்கு மட்டும் ஆய்பவர் தப்பிவிடுகிறார். கூடையில் விழுந்ததை எடைபோடுவதும் இல்லை. தலையை எண்ணுவதோடு சரி. அந்தக் கணக்கில் ஒரு நெத்திலியும் ஒரு வஞ்சிரமும் இரண்டு மீன். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 ஆனதை இப்படித்தான் பார்க்க வேண்டும். உயர்வின் பெரும்பகுதி கிராமப்புறச் சுயதொழில். கூலியற்ற குடும்ப உதவியாளரும் அதில் அடக்கம்.

ஆகவே பங்கேற்பு கூடினால் வறுமை குறைந்தது என்று பொருளில்லை. சும்மா இருக்க வசதியில்லாததாலும் ஏழை வேலைக்குப் போகிறார். மகள் கல்லூரியில் சேர்ந்தால் விகிதம் இறங்கும்; அது நல்ல இறக்கம்.

வட்டாரச் சராசரிக்கும் எல்லை உண்டு. புதுச்சேரியின் எண்ணில் காரைக்காலும், கேரளக் கரையிலுள்ள மாஹேயும், ஆந்திரத்தை ஒட்டிய ஏனாமும் கலந்திருக்கின்றன. மாதிரிக் கணக்கெடுப்பு நோணாங்குப்பம் அளவுக்கு இறங்காது. வறுமை விகிதம், பங்கேற்பு விகிதம், வேலையின் வகை, கிடைத்த கூலி ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஒரு வட்டாரத்தின் நிலை தெரியும்.