விகடகவியைத் திருப்பிப் படிக்கும் நிரல்

பெங்களூருக்கு வேலை தேடி வந்து பைத்தான் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு பயிற்சி வந்துவிடும். ஒரு சொல்லை வாங்கு, அதைத் திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றாக இருந்தால் 'ஆம்' என்று சொல். ஸ்ட்ரிங் கையாளப் பழகுவதற்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரியவில்லை. திருப்பிப் போட்டு ஒப்பிடுவது பைத்தானில் ஒரே வரி. ஆங்கிலத்தில் 'மேடம்' கொடுத்தால் ஆம், 'டேபிள்' கொடுத்தால் இல்லை. பாடம் முடிந்தது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

புரட்ட வேண்டாம். ஒரு பை-டூ டீ சொல்லிவிட்டு, அதே நிரலில் 'விகடகவி' என்று தமிழில் தட்டிப் பாருங்கள். தெனாலிராமன் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் தெரியும், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது விகடகவிதான். நிரல் 'இல்லை' என்று சொல்லும்.

நிரலில் பிழை எதுவும் இல்லை. நாம் எழுத்து என்று நினைப்பதும் கணினி வரிசையில் அடுக்கி வைத்திருப்பதும் வேறு வேறு, அவ்வளவுதான். நமக்கு விகடகவி ஐந்து எழுத்து. அதன் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் ஏழு என்கிறது. உள்ளே இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டால் இப்படி வரும்: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. இதில் 2997 என்பது 'வ'. 3007 என்பது இகரக் குறி மட்டும். 'வி' என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு எண்கள். வரிசையைத் திருப்பினால் முதலில் 3007 வந்து நிற்கிறது, அதாவது எழுத்தே இல்லாமல் குறி மட்டும். 2997க்கும் 3007க்கும் ஒட்டவில்லை, அதனால்தான் 'இல்லை'.

ஏன் இப்படி வைத்தார்கள்? 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய மொழிகளுக்காக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. தமிழுக்குக் கிடைத்தவை 128 இடங்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் அதில் கிடையாது. உயிருக்கு இடம் உண்டு, அகரமேறிய மெய்க்கு உண்டு, மற்ற உயிர்மெய்கள் குறியைச் சேர்த்துத்தான் உருவாக வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. அந்த முறையில் நம் ஒற்றை வரி நிரலே போதும். ஆனால் உங்கள் கைப்பேசியும் இணையமும் நடப்பது யூனிகோடில்.

ஆகவே சேர்க்கும் வேலை நம்முடையது, இந்தப் பயிற்சியின் சாரமும் இங்கேதான் இருக்கிறது. வெறும் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிலிருந்து எண்களை ஒவ்வொன்றாக வாங்குங்கள். வந்த எண் 3006க்கும் 3021க்கும் இடையில் இருந்தால் அது உயிர்க்குறி அல்லது புள்ளி. அதற்குத் தனி இடம் தராமல், பட்டியலில் கடைசியாக இருப்பதோடு ஒட்டிவிடுங்கள். வேறு எண் என்றால் புது இடம். முடிந்ததும் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள், ஐந்து. இப்போது எண்களைத் திருப்பாமல் பட்டியலைத் திருப்பி ஒப்பிடுங்கள். விகடகவி தேறிவிடும். பத்து வரிகூட ஆகாது. ஓப்பன்-தமிழ் என்ற திறமூலத் தொகுப்பில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூறு ஆயத்தமாகவே கிடைக்கிறது. அதை அப்புறம் பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் தடவை கையால் எழுதியவருக்குத்தான் உள்ளே நடப்பது பிடிபடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம், 3014ஐயும் 3006ஐயும் அடுத்தடுத்துப் போட்டும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும் நிரலுக்கு வேறு. பெயர்ப் பட்டியலில் தேடும்போது இருக்கிற பெயரே 'இல்லை' என்று வருவதற்கு இது ஒரு காரணம். பைத்தானோடு கூடவே வரும் யூனிகோடுடேட்டா தொகுதியில், எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சொல் தேறிய பிறகு பாட்டுக்குப் போகலாம். சீர்காழியை நினைத்து சம்பந்தர் பாடிய திருமாலைமாற்று மூன்றாம் திருமுறையில் 117ஆவது பதிகம். ஒவ்வொரு பாட்டையும் கடைசி எழுத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்தாலும் அதே பாட்டு வரும். ஏழாம் நூற்றாண்டில் உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணிக் கட்டிய பாட்டு அது. முதலில் எழுதிய ஒற்றை வரி நிரல் முதல் பாட்டிலேயே தோற்கும். இடைவெளியையும் வரிமுறிவையும் நீக்கிவிட்டு, நீங்கள் திருத்திய நிரலில் ஓட்டுங்கள். 'ஆம்' என்று வரும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெங்களூரில் இருந்துகொண்டு கன்னடத்தை விட்டுவிட முடியுமா? விகடகவி அங்கேயும் இருபக்கமும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல், அங்கேயும் ஒற்றை வரி நிரல் தோற்கிறது. நம் ஏழு எண்கள் ஒவ்வொன்றோடும் 256ஐக் கூட்டி அச்சிட்டுப் பாருங்கள். திரையில் கன்னட எழுத்தில் விகடகவி வந்து நிற்கும்! இஸ்கி எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே வரிசையில் அடுக்கியதன் பயன் அது. ஊர்ப்பெயரில் இதைச் செய்தால் மட்டும் அகப்பட்டுக்கொள்வோம். 'பெங்களூரு'வோடு 256ஐக் கூட்டினால் கன்னடக்காரர் 'பெ'யைப் பெண் என்பதில் வருவதுபோல் வல்லொலியாகவே படிப்பார், ஏனென்றால் அவர்களுக்கு இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. 'ழ'வுக்கும் 'ன'வுக்கும் நேரான இடங்கள் அங்கே காலி.

சேர்க்கும் விதியும் அப்படியே பொருந்தாது. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. கன்னடத்தில் இரண்டாம் மகரம் முதல் மகரத்தின் அடியில் ஒத்தக்ஷரமாகப் போய் ஒட்டிக்கொள்வதால் அவர்கள் எண்ணுவது இரண்டு. எல்லைகளை 3262, 3277 என்று மாற்றியபின் ஒரு நிபந்தனை கூட வேண்டும்: கடைசியாக ஒட்டியது 3277 ஆக இருந்தால், அடுத்து வரும் மெய்க்குப் புது இடம் திறக்காமல் அதையும் அங்கேயே ஒட்டு.