ஜிம்மி சோம்பேறி இல்லீங்க!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு, ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போறீங்க. வழக்கமா தெருமுனையில பைக் சத்தம் கேட்டாலே கேட்டைப் பிராண்டி, மேலே பாய்ஞ்சு, புதுச் சட்டையை நாஸ்தி பண்ற ஜிம்மி, இந்தத் தடவை போர்ட்டிகோவில் படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டுது. 'என்னடா, பந்தாவா?'னு கிட்டே போனா... முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை மெள்ளத் தூக்கி, நாலு அடி விறைப்பா நடந்து, அப்புறம்தான் பழைய ஜிம்மி ஆகுது. உள்ளேயிருந்து அம்மா குரல்: "அதுக்கு வயசாயிருச்சு கண்ணு. இப்பெல்லாம் ஒரே சோம்பேறித்தனம்!"

வயசானது வாஸ்தவம்தான். ஆனா, 'சோம்பேறி'ங்கிற பட்டம் மட்டும் அநியாயம் மக்களே! அது ஆர்த்ரைட்டிஸா இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கு. நம்ம அம்மாயி 'முட்டி புடிச்சுக்கிச்சு சாமி'ன்னு தைலம் தேய்க்கிறாங்களே, அதே மூட்டுத் தேய்மானம். அம்மாயி வாய்விட்டுச் சொல்லிடுவாங்க. ஜிம்மி சொல்லாது. அதான் மேட்டரே!

பேரிங் தேய்ஞ்சா..?

பம்ப்செட், மோட்டார், கிரைண்டர்னு சுத்துற ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப ஈஸி. ரெண்டு எலும்பு சேர்ற இடத்தில் வழுவழுன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கும். அதுதான் பேரிங். நடுவில் இருக்கிற மூட்டுத் திரவம்தான் கிரீஸ். குருத்தெலும்பு தேய்ஞ்சா எலும்போட எலும்பு உரசும், வீங்கும், வலிக்கும். மோட்டார்னா பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துட்டு சாயங்காலத்துக்குள்ள புதுசு போட்டுடலாம். மூட்டு விஷயத்தில் அது நடக்காது. தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், இனி தேயற வேகத்தைக் குறைக்கலாம், வலியைக் குறைக்கலாம்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர் மாதிரி பெரிய சைஸ் ஜாதிகளுக்கு இந்தத் தொல்லை ஜாஸ்தி. சிலதுக்கு இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமலேயே வளர்ந்துடும். 'ஹிப் டிஸ்பிளாசியா'ன்னு பேரு. அந்த மூட்டு சின்ன வயசிலேயே தேய ஆரம்பிச்சுடும். குட்டி சீக்கிரம் பெருசாகட்டும்னு டாக்டரைக் கேட்காம கால்சியம் டானிக்கா ஊத்துறவங்க கொஞ்சம் நிறுத்துங்க! பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அளவு மீறிய கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

வலிச்சா நாய் கத்தும்னுதான் நாம நினைக்கிறோம். பெரும்பாலும் கத்தாது. படுத்து எழுந்ததும் விறைப்பு, மாடிப்படி முன்னாடி நின்னு ஒரு யோசனை, ஓடும்போது முயல் மாதிரி பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தாவுறது, ஒரே மூட்டை விடாம நக்குறது, தொடைச் சதை வத்திப்போறது, இடுப்புல கை வெச்சா 'உர்'... இவ்வளவுதான் அதோட கம்ப்ளெயின்ட் லெட்டர். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தா, அந்தக் கால் வலிக்குதுன்னுதான் அர்த்தம். 'சும்மா நொண்டுது, வலியெல்லாம் இல்லை'ங்கிறது நாமளா சொல்லிக்கிற சமாதானம்.

ஆனா, நொண்டுறதெல்லாம் மூட்டுத் தேய்மானமும் இல்லை. நம்ம பக்கம் உண்ணித் தொல்லை அதிகம். உண்ணி கடிச்சுப் பரவுற எர்லிச்சியா நோயிலும் மூட்டு வீங்கும், காய்ச்சல் வரும். அதுக்கு வைத்தியமே வேற. முட்டிக்குள்ள ஜவ்வு அறுந்திருக்கலாம், எலும்பில் கட்டி இருக்கலாம். அதனால முதல் வேலை டாக்டர், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. நம்ம ஏரியாவில் 1985-ல் இருந்தே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 2020-ல் உடுமலைப்பேட்டையிலும் ஒண்ணு வந்தாச்சு. நாமக்கல்னா கோழியும் முட்டையும் மட்டும்தான்னு நினைக்காதீங்க பாஸ்... அந்தக் கல்லூரி மருத்துவமனையில் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிறாங்க.

டாடாவுக்கே லேட்!

ரத்தன் டாடாவோட நாய்ப் பாசம் ஊரறிஞ்ச கதை. அவரோட ஒரு நாய்க்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டப்போ, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். ஆனா, காலம் கடந்துபோச்சு. மூட்டை மாத்த முடியாம, ஒரே நிலையில் அசையாதபடி இறுக்கிவிட்டாங்கன்னு அவரே பேட்டியில் சொல்லியிருக்கார். அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் இப்படி ஒரு மருத்துவமனை நம்ம நாட்டில் ஏன் இல்லைங்கிற யோசனை அவருக்கு வந்தது. 2024 ஜூலையில் மும்பையில் சுமார் 165 கோடி ரூபாய் செலவில் டாடா டிரஸ்ட்ஸின் பிராணிகள் மருத்துவமனை திறக்கப்பட்டது. திறந்து மூணு மாசம்தான் ஓடியிருக்கும், அக்டோபரில் டாடா மறைந்தார்.

விமானம், வெளிநாடு, பணம்னு எல்லாம் இருந்தவருக்கே 'லேட்'! நம்மகிட்ட அதில் எதுவும் கிடையாது. ஆனா, சீக்கிரம் கவனிக்கிறதுக்கு விமானம் தேவையில்லையே!

தேங்காய் மண்டியில் எடை மெஷின்

மூட்டு வலிக்கு முதல் மருந்து, சோத்துத் தட்டில்தான் இருக்கு. சிரிக்காதீங்க, சீரியஸ்!

அமெரிக்காவில் ப்யூரினா கம்பெனி 1987-ல் ஆரம்பிச்ச ஆராய்ச்சி இது. ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரிச்சு, மொத்தம் 48 லேப்ரடார்கள். ஜோடியில் ஒண்ணுக்கு வழக்கமான சாப்பாடு, இன்னொண்ணுக்கு அதைவிட 25 சதவிகிதம் குறைவு. ஆயுசு முழுக்க இதே மெனு! 2002-ல் முடிவு வந்தது. ஒல்லிக் கூட்டம் சராசரியாக 13 வயசு வரை வாழ்ந்தது, மத்தது 11.2 வயசு. இன்னும் முக்கியமான விஷயம்... மூட்டு வலிக்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்ட வயசு, ஒல்லிகளுக்கு மூணு வருஷம் தள்ளிப்போச்சு. நாய்த் தீனி விக்கிற கம்பெனியே 'கம்மியாப் போடுங்க'ன்னு சொன்னதுதான் இதில் ஹைலைட்!

ஏற்கெனவே குண்டாகி, நொண்டவும் ஆரம்பிச்சாச்சா? அப்பவும் லேட் இல்லை. உடம்பு எடையில் வெறும் 6 சதவிகிதம் குறைஞ்சதுமே நொண்டுறது குறைஞ்சதை 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டுச்சு. 40 கிலோ லேப்ரடாருக்கு அது ரெண்டரை கிலோகூட இல்லை.

குண்டா, இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கையை முஷ்டியாக மடக்கி, விரல் கணுக்கள் மேலே தடவிப் பாருங்க. நாயோட விலா அந்த மாதிரி துருத்திட்டு இருந்தா, எலும்பும் தோலும்னு அர்த்தம். கையை விரிச்சு, புறங்கையைத் தடவிப் பாருங்க. எலும்பு லேசா தட்டுப்படுதா? அந்த மாதிரி இருந்தா டாப்பு. உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா... டயட் பாஸ், டயட்!

எங்க வீட்டு மணிக்குப் பத்து வயசு, லேப்ரடார். கிணத்துக்கடவு பக்கம் தோட்டத்து வீடு. காலையில் அப்பாரு டீயில் தொட்டுப் போடுற வர்க்கி, பதினோரு மணிக்கு அம்மா போடுற தயிர்சோறு, சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அக்கா தர்ற பிஸ்கட்டுன்னு ஆளாளுக்குத் தனி அக்கவுன்ட் ஓடிட்டு இருந்தது. யாருமே அதிகமாப் போடலை, மொத்தத்தைத்தான் யாரும் கூட்டிப் பார்க்கலை! டாக்டர் சொன்னதும், காலையில் ஒரு டப்பாவில் அன்னிக்கான சாப்பாட்டை அளந்து வெச்சுட்டோம். யார் என்ன போட்டாலும் அதிலிருந்துதான் போடணும். அப்பாருவைச் சம்மதிக்க வைக்கிறதுதான் பெரும்பாடு. "வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்காதீங்கடா"ன்னு ரெண்டு நாள் பேசவே இல்லை. இப்போ வர்க்கிக்குப் பதிலா கேரட் துண்டு போடுறார், முனகிக்கிட்டே! மாசம் ஒரு தடவை மணிக்கு எடை பார்க்கிறது தேங்காய் மண்டி மெஷினில். சாக்கு மூட்டைக்கு நடுவில் அது கம்பீரமா உட்கார்ற அழகு இருக்கே... தூள்!

சைன் தீட்டா, ஆர்க்கிமிடீஸ் அண்ட் கோ

கொங்கு நாட்டு வீடுகளில் வழவழ டைல்ஸ், மொசைக், கிரானைட். நமக்கு அழகு, மூட்டு வலி நாய்க்கு ஐஸ் ஸ்கேட்டிங் கிரவுண்டு. எழும்போதெல்லாம் பின்னங்கால் ரெண்டும் விரிஞ்சு வழுக்கும். தீர்வு நம்ம ஊரிலேயே தயாராகுது. பொள்ளாச்சி தேங்காய் நார் மிதியடியைப் படுக்கையிலிருந்து தண்ணிக் கிண்ணம் வரைக்கும் வரிசையாப் போடுங்க. பவானி ஜமக்காளமும் ஓகே. ஆனா, அடியில் ரப்பர் ஷீட் இல்லாட்டி ஜமக்காளத்தோட சேர்ந்து நாயும் வழுக்கும். நகம் வளர்ந்தாலும் பிடிமானம் போயிடும், வெட்டிவிடுங்க. படுக்கையைக் குளிர்ந்த தரையில் விரிக்காம, கனமான மெத்தையா மடிச்சுப் போடுங்க.

டிவிஎஸ் 50-ல் முன்னாடி நின்னுட்டு ஊர்வலம் போறது கொங்கு நாட்டு நாய்களின் பிறப்புரிமை! ஆனா, வண்டியிலிருந்து குதிச்சு இறங்குறப்போ மொத்த எடையும் முன்னங்கால் மூட்டில் 'டமார்'னு விழும். தூக்கி இறக்குங்க. கார்னா சாய்தளம் செய்யலாம். இங்கேதான் இன்ஜினீயரிங் மூளைக்கு வேலை. கார் டிக்கி உயரம் 60 சென்டிமீட்டர்னு வைங்க. மூணடிப் பலகை போட்டா சரிவு 40 டிகிரிக்கு மேலே போகுது. அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம்! ஆறடிப் பலகைன்னா சைன் தீட்டா மூணில் ஒண்ணு, அதாவது சுமார் 19 டிகிரி. நாய் நிதானமா ஏறும். மேலே பழைய மிதியடியை ஆணியடிச்சுட்டா வேலை முடிஞ்சது. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பருக்கு அப்புறம் சைன் தீட்டா எனக்கு உபயோகப்பட்டது இதுக்குத்தான்.

அடுத்தது ஆர்க்கிமிடீஸ். தண்ணிக்குள்ள நிக்கிற நாயோட காலில் எவ்வளவு எடை இறங்குதுன்னு அளந்து பார்த்திருக்காங்க. தண்ணி முட்டி அளவு இருந்தா உடம்பு எடையில் 85 சதவிகிதம். இடுப்பு அளவுக்கு ஏறினா வெறும் 38 சதவிகிதம்! 40 கிலோ நாய், 15 கிலோ நாய் மாதிரி நடக்கும். மூட்டுக்குப் பாரம் இல்லை, சதைக்கு வேலை உண்டு. பெருநகரங்களில் இதுக்குன்னே தண்ணித் தொட்டிக்குள்ள டிரெட்மில் வெச்சிருக்காங்க. நமக்குத் தடுப்பணையோரம், ஓட்டமில்லாத, சரிவா இறங்குற ஆழமில்லாத தண்ணி இருந்தா போதும். கூடவே நீங்களும் இறங்கணும். பி.ஏ.பி. வாய்க்காலும் தோட்டத்துக் கிணறும் வேண்டவே வேண்டாம். வாய்க்கால் இழுக்கும், கிணத்துப் படி மூட்டை முடிச்சுடும்.

தண்ணி இல்லையா, நடை போதும். ஞாயித்துக்கிழமை மட்டும் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஓடவிடுறதுதான் தப்பு. தினம் ரெண்டு, மூணு தடவை, பத்துப் பதினைஞ்சு நிமிஷம், மண் தரையில் நிதானமா. பந்து எறிஞ்சு 'பிடி'ங்கிற விளையாட்டுக்கு மட்டும் ரிட்டையர்மென்ட் கொடுத்துடுங்க.

உங்க மாத்திரை, அதுக்கு எமன்!

இந்தப் பாராவை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. 'பாவம், வலிக்குது'ன்னு நம்ம வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் கொடுத்துடாதீங்க. நாய்க்கு வயித்தில் புண் வந்து ரத்தம் கசியும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிரே போகலாம். பாராசிட்டமாலும் அளவு தப்பினா கல்லீரலைப் பதம் பார்க்கும். மாட்டுக்கு வாங்கின ஊசி மருந்தில் மிச்சம் இருக்குன்னு அதைக் கையில் எடுக்கிறதும் கூடாது.

நாய்க்குன்னு கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் மாதிரி வலி மருந்துகள் இருக்கு. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரகம் ஓகேன்னு பார்த்துட்டு டாக்டர் அளவு சொல்வார். சாப்பாட்டோட கொடுக்கணும். வாந்தி, கறுப்பா மலம், சாப்பிட மறுக்கிறதுன்னு எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு டாக்டருக்கு போன் போடணும். மாசம் ஒரு ஊசியா பெடின்வெட்மாப்னு ஒரு புது மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. அடுத்த வருஷ டிசம்பரிலேயே அதோட பக்கவிளைவுகள் பத்தி அதே அமெரிக்க அரசு எச்சரிக்கையும் விட்டது. புதுசுன்னா உடனே துள்ள வேண்டாம். குளுக்கோசமைன் பவுடர்களுக்கு ஆதாரம் வீக். மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3-க்கு அதைவிடப் பரவாயில்லை. அளவு டாக்டர் சொல்லட்டும்.

ஒரு குட்டி உபகதை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ன பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமா கொன்னதுன்னு 2004-ல் கண்டுபிடிச்சாங்க. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செஞ்சது. கழுகுக்கு ஆபத்தில்லாத மாற்றுன்னு முன்வைக்கப்பட்டது எது தெரியுமா? மெலாக்சிகாம்! சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற பாறு கழுகுகளையும் உங்க வீட்டு ஜிம்மியையும் ஒரே மருந்து இணைக்குது பாருங்க.

பத்து ரூபாய் அபராதம்

குட்டியா இருந்தப்போ மடியில் வெச்சுக் கொஞ்சின அதே லேப்ரடாரை, நடக்க முடியலைன்னதும் பைபாஸ் ரோட்டோரம் இறக்கிவிட்டுட்டு வர்றவங்களும் இருக்காங்க. 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவுப்படி, பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுறது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்! ரெண்டு டீ, ரெண்டு வடை விலை. கோவையில் 2006-ல் தொடங்கப்பட்ட ஹியூமேன் அனிமல் சொசைட்டி மாதிரி அமைப்புகளுக்குத் தெருநாய் வேலையே தலைக்கு மேலே கிடக்கு. அதில் நம்ம வீட்டுக் கிழடையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது எந்த ஊர் நியாயம்?

ஹாஸ்டலில் இருக்கோம், நாம என்ன பண்ண முடியும்ங்கிறீங்களா? ரெண்டு வேலை இருக்கு. தம்பியையோ தங்கச்சியையோ செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. காலையில் எழுந்திரிக்கிறப்போ ஒண்ணு, பக்கவாட்டில் நடக்கிறப்போ ஒண்ணு. கிளினிக்குக்குப் போனதும் பயத்தில் எல்லா நாயும் நல்லா நடந்து காட்டிடும். வீடியோதான் டாக்டருக்கு உண்மையைச் சொல்லும். ரெண்டாவது, சுவத்தில் தொங்குற மாசக் காலண்டர். தானா எழுந்து, சாப்பிட்டு, வாக்கிங் வந்த நாளுக்கு ஒரு டிக். முடியாத நாளுக்கு ஒரு கிராஸ். கிராஸ் கூடிக்கிட்டே போனா மருந்தை மாத்தணுமா, அளவைக் கூட்டணுமான்னு டாக்டர்கிட்ட ஆதாரத்தோட பேசலாம்.

போன மாசம் மணியோட ஸ்கோர் 23 டிக், 7 கிராஸ். அந்த ஏழில் நாலு, மழைன்னு வாக்கிங் கூட்டிட்டுப் போகாம விட்டதுக்கு மறுநாள்.