பெல்டியர் ஏ.சி... வாங்கலாமா, வேண்டாமா?

கம்ப்ரஸர் கிடையாது, கேஸ் கிடையாது. 12 வோல்ட் பேட்டரியும் ஒரு சோலார் பேனலும் இருந்தால் போதும் என்று சொல்லி, ‘பெல்டியர்’ சில்லு பொருத்திய குளிர்விப்பான்கள் விற்கப்படுகின்றன. பண்ணை வீட்டு அறையைக் குளிர்விக்கலாமா, மாட்டுக்கான தடுப்பூசியை வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், பணம் கொடுக்கும் முன்பு இது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு!

இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், அந்த இடம் குளிர்வதையோ சூடாவதையோ 1834-ம் ஆண்டு கண்டறிந்தவர், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான் பெல்டியர். இன்றைய சில்லுகளில் உலோகத்துக்குப் பதிலாக பிஸ்மத் டெல்லுரைடு எனும் குறைகடத்தி இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் சில்லு, 4 செ.மீ நீளம், 4 செ.மீ அகலம். மின் இணைப்பை மாற்றிக் கொடுத்தால், குளிர்ந்த பக்கம் சூடாகும். சூடான பக்கம் குளிரும்.

சில்லு வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அது எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் சூடான பக்கத்தில் வெப்பமாகவே வெளியேறும். எனவே, இரண்டு பக்கமும் அறைக்குள்ளேயே இருக்கும் கருவியால் அறை குளிராது, கூடுதலாகச் சூடாகும்.

மின்சாரக் கணக்கு

1 டன் ஏ.சி, அறையிலிருந்து சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் போதும். 60 வாட் கொடுத்தால் பெல்டியர் சில்லு சுமார் 30 வாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், அதே வேலைக்கு 100-க்கும் அதிகமான சில்லுகளும், மணிக்கு 7 யூனிட் மின்சாரமும் தேவை. இரவு 8 மணி நேரத்துக்கு 8 யூனிட் ஆகும் இடத்தில் 56 யூனிட் ஆகும்.

குளிர்ப் பகுதிகளில் அறையைச் சூடாக்குவதிலும் இதே நிலைதான். சாதாரண ஹீட்டரைவிட பெல்டியர் கொஞ்சம் கூடுதல் வெப்பம் தரும். ஆனால், வெப்பமூட்டும் வசதியுள்ள ஏ.சி-யோடு போட்டியிட முடியாது.

தடுப்பூசி விஷயத்தில் கவனம்!

பெல்டியர் பெட்டிகள் பொதுவாக வெளி வெப்பநிலையைவிட 20 டிகிரி வரைதான் குறைத்துக் கொடுக்கும். சித்திரை வெயில் 40 டிகிரி அடித்தால், பெட்டிக்குள் 20 டிகிரி இருக்கும். கோமாரி நோய்த் தடுப்பூசிக்குத் தேவை 2 முதல் 8 டிகிரி. பெட்டி ஓடிக்கொண்டே இருந்தாலும் மருந்து வீரியம் இழந்துவிடும். ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் வரலாம். மின்சாரம் நின்றால், சூடான பக்கத்து வெப்பம் சில்லு வழியாகவே உள்ளே திரும்பும். கால்நடை மருத்துவமனைகளில் பயன்படுத்துவதைப் போன்ற ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டிதான் பாதுகாப்பானது.

எங்கு உதவும்?

பயணத்தில் தண்ணீர் பாட்டில், பழங்களைக் குளிர்ச்சியாக வைக்க பெல்டியர் பெட்டி போதும். காய்கறிகளுக்கு, இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே மணல் நிரப்பி, நீர் தெளிக்கும் குளிர்பதனத் தொட்டி அமைக்கலாம். இதற்கு மின்சாரமே தேவையில்லை. காற்று வறண்டிருக்கும் பகுதிகளில் நன்றாக வேலை செய்யும். வீட்டுக்கு, கான்கிரீட் தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வெக்கை குறையும்.

கடையில் கேட்க வேண்டியவை: எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும், எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்றும், சூடான காற்று எந்த வழியாக வெளியே போகும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.