துவிச்சக்கர வண்டியின் தரம் அறிதல்

ஒரு பொருளின் விலையை வணிகர் சொல்லிவிடலாம். அதன் தகுதியை, அது உழைக்கப்போகும் இடத்தை அறிந்தவர்தாம் சொல்ல முடியும். துவிச்சக்கர வண்டியை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடுவோர் பலர்.

மேனாடுகளில் இன்று விற்கப்படும் மலைவண்டிகளுள் 'எண்டுரோ' என்பது மிக உயர்ந்த வகைகளுள் ஒன்று. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் தனித்தனியே அதிர்வு தாங்கிகள் கொண்ட இவ்வண்டியின் விலை 10,000 அமெரிக்க டொலரையும் கடந்து செல்வதுண்டு. கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர், ஒட்டுசுட்டானில் வாழும் தம் மருமகனுக்கு இத்தகைய வண்டியொன்றை வாங்கி அனுப்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல வண்டிதானா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அவ்வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் கலிபோர்ணியாவின் தமல்பாய்ஸ் மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய, பருத்த ரயர் வண்டிகளை ஓட்டி இறங்கும் பந்தயங்களை நடத்தினர். அவ்விளையாட்டிலிருந்தே மலைவண்டி தோன்றியது. 1989 இல் 'றொக்ஷொக்ஸ்' நிறுவனத்தின் முன் அதிர்வு தாங்கி வெளிவந்தது. பின்னர் பின்சில்லுக்கும் தாங்கிகள் பரவின. எண்டுரோ போட்டியில் வீரர் தம் சொந்த வலிமையால் மலையேற வேண்டும்; ஆயினும் நேரம் கணிக்கப்படுவது இறங்குமிடங்களில் மட்டுமே. 2013 முதல் இதற்கென உலகத் தொடர் நடைபெற்று வருகிறது. ஆகவே, ஏறவும் இயலவேண்டும், பாறைகளும் வேர்களும் நிறைந்த சரிவில் விரைந்து இறங்கவும் வேண்டும் என்ற இரு தேவைகளே இவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் உருவாக்கின.

அதிர்வு தாங்கியின் இயல்பை நம் முன்னோர் அறியாதவரல்லர். கட்டைவண்டியில் சென்றவருக்கும் வில்வண்டியில் சென்றவருக்கும் உடல்வலியில் இருந்த வேற்றுமையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால், வில் மட்டும் போதாது. அமுக்கப்பட்ட வில், தான் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் வண்டி பந்துபோல் துள்ளும். இத்துள்ளலை அடக்குவதற்கு எண்ணெய் நிறைந்த தணிப்பான் ஒன்று வேண்டும். சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்லும்போது, ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகிறது. வில்லும் தணிப்பானும் இணைந்து செயற்படுவதே நல்ல தாங்கியாகும்.

இதன் முதன்மைப் பயன் இருக்கையின் சுகம் என்று பலர் எண்ணுகின்றனர். அதைவிட முக்கியமான பயன் ஒன்றுண்டு. சில்லு நிலத்தைவிட்டு எழும்பிவிட்டால், பிறேக்கும் பயன்படாது, கைபிடியும் பயன்படாது. மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும் சில்லை எந்நேரமும் நிலத்தோடு சேர்த்து வைப்பதே தாங்கியின் தலையாய தொழில்.

எண்டுரோ வண்டியில் சில்லு மேலும் கீழும் அசையும் தூரம் ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஓட்டுபவர் ஏறி அமர்ந்தவுடன் பின்தாங்கி சிறிது அமிழ வேண்டும். இவ்வமிழ்வு முழுத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் இருப்பது வழக்கம். 160 மில்லிமீற்றர் அசைவுடைய வண்டியில் இது 48 மில்லிமீற்றர் வரையாகும். அமிழ்வே இல்லாவிடின் சில்லு பள்ளத்துள் இறங்காது. அது மிகுந்துவிடின் சிறிய அடிக்கும் தாங்கி முட்டிக்கொள்ளும். தாங்கியின் தண்டிலுள்ள சிறு றப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்துள்ளது என்று அளந்து, காற்றழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ இதனைச் சரிசெய்யலாம். ஓட்டுபவரின் நிறைக்கேற்ப இது செய்யப்படாத வண்டியை ஓட்டிப்பார்த்து நன்று, தீது என்று கூறுதல் முறையன்று.

அடுத்தது பிறேக். வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோகிராம் நிறை என்று கொள்வோம். 500 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதையும் பிறேக்கே ஏற்பதாயின், அதில் எழும் வெப்பம் 30 பாகை செல்சியசில் உள்ள ஒன்றரை லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பெரிய தட்டுப் பிறேக்குகள் இவ்வண்டிக்கு ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, முன்சட்டத்தின் சாய்வு. தொடக்ககால மலைவண்டிகளிற் பலவற்றில் முன்தலையின் கோணம் 70 பாகையளவில் இருந்தது. இன்றைய எண்டுரோ வண்டியில் அது 63 முதல் 65 பாகை. சாய்வு மிகுந்தால் முன்சில்லு ஓட்டுபவருக்கு நெடுமுன்னே சென்று, வேகத்திலும் மேடுபள்ளத்திலும் நிலை தளராமல் நிற்கும். இங்கே ஒரு வியப்புண்டு. நம் ஊர்களில் ஓடிய பழைய 28 அங்குலச் சில்லு வண்டியின் முன்சட்டமும் நன்கு சாய்ந்ததே. அதன் கோணம் ஏறத்தாழ 67 பாகை. கெட்ட வீதிகளில் ஓடவேண்டும் என்று கருதியே அதனையும் அவ்வாறு அமைத்தனர்.

இவ்வளவும் அறிந்தபின், வண்டியை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவருவோம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. புதுக்குடியிருப்புக்கும் நெடுங்கேணிக்கும் இங்கிருந்து வீதிகள் பிரிகின்றன. முத்தையன்கட்டுக் குளத்தின் நீரால் விளையும் வயல்கள் அருகில் உள்ளன. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே சென்றால் கிறவல் வீதிகளும் வாய்க்கால் வரம்புகளும் குளக்கட்டுகளும் காட்டுப்பாதைகளும் உண்டு. கோடையில் புழுதி, மாரியில் சேறு. ஆனால், இறங்குவதற்கு மலை இல்லை. எண்டுரோ வண்டி எதற்காகப் பெருவிலை பெறுகிறதோ, அந்த வேலை இங்கு அதற்குக் கிடைக்காது. நுவரெலியா மலைச்சரிவுகளில் அது தன் திறமையைக் காட்டக்கூடும்.

வேலை இல்லாவிட்டாலும் பராமரிப்பு உண்டு. முன்தாங்கியின் கீழ்க்குழாய்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுவதற்கு ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்தைச் செய்வோர் எல்லையாகக் குறிப்பதுண்டு. விடுமுறை நாளில் மட்டும் ஓட்டுபவருக்கு அது நீண்ட காலம். நாள்தோறும் வயலுக்கும் கடைக்கும் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கோ இரண்டு மாதங்கூட இல்லை. புழுதி மிகுந்தால் அக்காலம் மேலும் சுருங்கும். அதற்கென உள்ள எண்ணெயையும் றப்பர் வளையங்களையும் கிராமத்துச் சைக்கிள் கடையில் எதிர்பார்க்க முடியுமா? மேலும், பின்சட்டம் அசையும் இயல்புடையதாதலால் நெல்மூட்டை ஏற்றும் கரியரை இவ்வண்டியிற் பொருத்த இடமில்லை. கரிநார்ச் சட்டம் வெடித்தால், ஊர்ப் பட்டறையில் ஒட்டிக்கொள்ளவும் வழியில்லை.

வன்னி மக்கள் வண்டியின் தரத்தை மிகக் கடுமையான சோதனையில் அறிந்தவர்கள். 1990 இன் பின்னர் எரிபொருளுக்குப் பல ஆண்டுகள் தடையும் கட்டுப்பாடும் இருந்தபோது, ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் விறகும் நெல்லும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். மின்சாரம் இல்லாத வீடுகளில் வண்டியை நிறுத்தி வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னாற்றலால் வானொலி கேட்டனர். 2009 இல் போரின் இறுதி மாதங்களில் இடம்பெயர்ந்தோர் எஞ்சிய உடைமைகளை அதன்மீதே ஏற்றி உருட்டிச் சென்றனர். போர் முடிந்தபோது முள்ளிவாய்க்கால் மண்ணில் கைவிடப்பட்ட வண்டிகள் குவியலாகக் கிடந்தன. 2022 இல் நாடெங்கும் பெற்றோலுக்கு நீண்ட வரிசைகள் நின்றபோதும் மக்கள் மீண்டும் இவ்வண்டியையே நாடினர். பழைய வண்டி இச்சோதனைகளைத் தாங்கியது அதன் அழகினால் அன்று. எந்த உறுப்பு கெட்டாலும் ஒரு சாவியும் ஒரு சுத்தியலும் கொண்டு உள்ளூரிலேயே அதனைத் திருத்த முடிந்தமையே காரணம்.

இதனால் புதுமை வேண்டா என்பது கருத்தன்று. மலைவண்டியிடமிருந்து நாம் ஏற்கத்தக்கவை உள. அகன்ற ரயர் மணலிலும் கிறவலிலும் புதையாது. குறைந்த காற்றழுத்தத்தோடு ஓட்டினால் அதுவே நல்ல அதிர்வு தாங்கியாகவும் பயன்படும். கம்பியால் இயங்கும் தட்டுப் பிறேக், மாரியில் நனைந்த றிம்மைப் பிடிக்கும் பிறேக்கிலும் நம்பத்தக்கது. அதனைத் திருத்துவதும் எளிது. உருக்காலோ அலுமினியத்தாலோ ஆன அசையாச் சட்டமும், கரியர் பூட்டுவதற்குரிய துளைகளும், எதிர்க்காற்றில் உதவும் சில கியர்களும் இருந்தால் ஒட்டுசுட்டானுக்கு அது உயர்தர வண்டியே.

பழைய வண்டியொன்றை வாங்குவோர் கடையிலேயே செய்யத்தக்க சில சோதனைகள் உண்டு. முன்பிறேக்கை இறுகப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தலையில் 'டக்' என்ற ஓசை எழுந்தால் அங்கே தளர்வு உண்டு. இருக்கையைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள்; பின்தாங்கியுள்ள வண்டியாயின் இணைப்புகளின் தேய்வு கைக்குத் தெரியும். முன்தாங்கியின் பளபளப்பான குழாயில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருக்கிறதா என்று நோக்குங்கள். சங்கிலியை அளவுகோலால் அளவுங்கள். புதிய சங்கிலியில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பற்சில்லுகளும் பெரும்பாலும் கெட்டிருக்கும். இச்சங்கிலிச் சோதனை விலையுயர்ந்த எண்டுரோ வண்டிக்கும் நம் ஊர் வண்டிக்கும் ஒன்றே.

இனி உறவினரின் வினாவுக்கு வருவோம். மருமகன் மலைப்போட்டிகளிற் பங்குகொள்ளப் பயிற்சி பெறுபவராயின் எண்டுரோ வண்டி தகுந்ததே. அதன் விலையும் வீணன்று. வயலும் பள்ளியும் கடையும் அவருடைய பயணமாயின், மேற்கூறிய எளிய வண்டியே ஏற்றது. மிஞ்சும் பணத்தில் சாதாரண வண்டிகள் இருபது வாங்கலாம். நெடுந்தூரம் நடந்து பள்ளி செல்லும் பிள்ளைகள் வன்னியில் இன்னும் இருக்கின்றனர். அவ்வண்டிகள் அவர்களுக்கு உதவும்.